மிதித்தும் மாறாத பெடல்: கிட்டார் ஃபுட்ஸ்விட்ச் பழுதுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, பெடல் சுவிட்ச் போச்சு. புதுசு போட்டுத் தர முடியுமா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலர். கிட்டார் சத்தத்தை மாற்றும் அந்தச் சிறு பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "தம்பி, முதல்ல உன் ஒயரைக் காட்டு" என்பேன். பல நாள் பழுது அங்கேயே கிடைத்துவிடும். சுவிட்ச் மேல் பழி விழுவதற்குக் காரணம் எளிது. நாம் காலால் தொடுகிற ஒரே பாகம் அதுதான். மிதித்தால் மாறுகிறது, மிதித்தால் கெடுகிறது, ஆகவே அதுதான் குற்றவாளி என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான். மாற்றுவது அரை மணி நேர வேலை. எதை மாற்றுவது என்று தெரியாமல் மாற்றினால் அது அரை நாள் வேலை.

முதலில், இந்தச் சுவிட்ச் ஏன் இப்படிப் படுத்துகிறது

கடையில் கிடைக்கும் பெரும்பாலான கையால் செய்த பெடல்களிலும் சிறு நிறுவனப் பெடல்களிலும் இருப்பது 3பிடிடி என்ற ஒன்பது கால் சுவிட்ச். நீல நிறப் பிளாஸ்டிக் உடம்பு, 12 மில்லிமீட்டர் மரை, "கட்டக்" என்ற சத்தம். ஒரே மிதியில் மூன்று தனித்தனி இணைப்புகளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஒன்று கிட்டார் உள்ளே வரும் வழி, ஒன்று ஆம்பிளிஃபயருக்குப் போகும் வழி, மூன்றாவது எல்.இ.டி. விளக்கு.

காலை முன்னும் பின்னும் சாய்த்து "வா வா" என்று ஒலிக்க வைக்கும் பழைய வாவா பெடல்களில் ஒரே ஒரு இணைப்பை மாற்றும் சுவிட்ச்தான் இருந்தது. அணைத்த பிறகும் சர்க்யூட்டின் வாய் கிட்டாரோடு ஒட்டியே இருக்கும். சத்தத்தின் கூர்மையை அது உறிஞ்சிவிடும். பிறகு இரண்டு இணைப்புச் சுவிட்ச் வந்தது. அணைத்தால் சத்தம் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகும் ட்ரூ பைபாஸ் கிடைத்தது, ஆனால் விளக்குக்கு இடமில்லை. ஆர்.ஜி. கீன் என்பவர் வடிவமைத்த மில்லேனியம் பைபாஸ் என்ற சிறு சுற்று அந்த இரண்டு இணைப்புச் சுவிட்சிலேயே விளக்கையும் எரிய வைத்தது. மூன்று இணைப்புச் சுவிட்ச் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தச் சாமர்த்தியத்துக்குத் தேவை குறைந்துபோனது.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சுவிட்சின் மேல் 2 ஆம்பியர், 250 வோல்ட் என்பது போல் எழுதியிருக்கும். நம் கிட்டார் தருவதோ அரை வோல்ட் அளவு. அது ஒரு மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை உள்ள பெடலுக்குள் போகும்போது ஓடும் மின்னோட்டம் அரை மைக்ரோ ஆம்பியர். அதிக மின்னோட்டம் ஓடும் சுவிட்சில் ஒவ்வொரு முறையும் சிறு பொறி விழும். தொடுமுனை மேல் படியும் கறையை அதுவே எரித்துவிடும். நம் சுவிட்சில் அந்தப் பொறிக்கே வழியில்லை. வெள்ளி முனைகள் மெல்லக் கறுக்கும், உள்ளே தடவிய கிரீஸ் ஊர்ந்து வந்து முனையில் படரும், அரை மைக்ரோ ஆம்பியரால் அதைத் துளைக்க முடியாது. வீட்டுச் சுவரில் இருபது வருடம் உழைக்கும் சுவிட்சும் பெடலில் இரண்டு வருடத்தில் கரகரக்கும் சுவிட்சும் வேறுபடுவது இங்கேதான்.

இதோடு கடற்கரை ஊர் ஈரக்காற்றையும், திருவிழா மேடைப் புழுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் திறந்த பெடலுக்குள் எறும்புக் குடும்பம் ஒன்று முட்டைகளோடு இருந்தது. அதற்கும் சுவிட்சைத்தான் குறை சொல்லிக் கொண்டுவந்தார்கள்.

படி 1: மூடியைத் திறக்காமலே

பெடல்களை அடுக்கிய போர்டிலிருந்து இந்தப் பெடலை வெளியே எடுங்கள். கிட்டார், நல்ல ஒயர் ஒன்று, பெடல், இன்னொரு நல்ல ஒயர், ஆம்பிளிஃபயர். வேறு எதுவும் இருக்கக்கூடாது. பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிள்களை இந்தச் சோதனைக்கு நம்பாதீர்கள். மலிவு விலைக் குட்டைக் கேபிள்களின் முனைதான் அடிக்கடி விட்டுப்போவது.

அடுத்து மின்சாரம். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை மைனஸ் ஆன 9 வோல்ட் டிசி வேண்டும். அடாப்டரின் மேல் படம் போட்டிருக்கும், பாருங்கள். பேட்டரி போட்ட பெடல் என்றால் இன்புட் ஜாக்கில் ஒயரை முழுதாகச் செருகினால்தான் பேட்டரி இணைப்பு முழுமையாகும். ஜாக் தளர்ந்து ஒயர் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் பெடல் செத்துச் செத்துப் பிழைக்கும். மிதிக்கும் அதிர்ச்சியில் ஜாக் ஆடும். பழி சுவிட்சுக்குப் போகும். ஜாக்கில் செருகிய முனையை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். கரகரத்தால் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ட்ரூ பைபாஸ் பெடலாக இருந்தால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மின்சாரமே இல்லாத அந்தப் பெடலில், ஒரு மிதிக்குக் கிட்டார் சத்தம் நேராக வர வேண்டும், அடுத்த மிதிக்கு அமைதியாக வேண்டும். ஒரு கம்பியை மீட்டிக்கொண்டே முப்பது முறை மிதியுங்கள். சத்தம், அமைதி, சத்தம், அமைதி என்று தாளம் தப்பாமல் வந்தால் பைபாஸ் பக்க முனைகள் நன்றாக இருக்கின்றன. சத்தம் வர வேண்டிய இடத்தில் மெலிந்தோ கரகரத்தோ வந்தால், சர்க்யூட் இதில் சம்பந்தப்படவே இல்லை. பழுது சுவிட்சில், ஜாக்கில் அல்லது இடையில் உள்ள ஒயரில்.

பாஸ் (BOSS), ஐபனீஸ் போன்ற நிறுவனங்களின், அணைத்த நிலையிலும் சத்தத்தைச் சர்க்யூட் வழியே அனுப்பும் பஃபர் வைத்த பெடல்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. மின்சாரம் இல்லையென்றால் அவை எந்த நிலையிலும் ஊமைதான்.

படி 2: எந்த வகை என்று காதால் அறிவது

மிதித்தால் கனமாகக் "கட்டக்" என்றால் தாழ்ப்பாள் வகை. இயந்திரமே நிலையை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மெல்லிய "டிக்" மட்டும் கேட்டால், அல்லது சத்தமே இல்லையென்றால், அது தற்காலிகத் தொடுப்பு வகை. அழுத்தும் நேரம் மட்டும் இரண்டு முனைகள் ஒட்டும். நிலையை ஞாபகம் வைத்துக்கொள்வது உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று. 1977 முதல் வந்துகொண்டிருக்கும் பாஸ் குட்டிப் பெடல்கள் இந்த வகை. ஐபனீஸின் டியூப் ஸ்க்ரீமர் பெடலும் அப்படித்தான். மல்டி எஃபெக்ட் பெட்டிகள் எல்லாமே ஏறக்குறைய இதுதான். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்த புதிய பெடல்களும் இந்தப் பட்டியலில் சேரும்.

இந்த வேறுபாடு தெரியாமல் பெடலைத் திறந்தால், ஒன்பது கால் சுவிட்சைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படி 3: விளக்கையும் சத்தத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்

3பிடிடி சுவிட்சில் விளக்குக்கும் சத்தத்துக்கும் வேறு வேறு முனைகள் என்று சொன்னேன் அல்லவா? அதுதான் நமக்குக் கிடைத்த துப்பு.

விளக்கு மாறுகிறது, பைபாஸில் சத்தம் சரி, எஃபெக்ட் போட்டால் மட்டும் அமைதி என்றால் சுவிட்சின் ஒரு பக்க முனை போயிருக்கலாம், சர்க்யூட்டும் போயிருக்கலாம். தீர்ப்பு படி 4-இல். எஃபெக்ட் சரி, பைபாஸில்தான் சத்தம் இல்லை என்றால் சர்க்யூட் தப்பித்தது. சுவிட்சின் பைபாஸ் முனைகளோ, அவற்றுக்கு இடையே போட்ட சிறு ஒயரோதான் காரணம். சத்தம் ஒழுங்காக மாறி விளக்கு மட்டும் வராவிட்டால் மூன்றாவது இணைப்பு அல்லது எல்.இ.டி. தானே. விளக்கு இல்லாமல் வாசிக்கப் பழகிவிட்டால் அவசரமில்லை. எதுவுமே மாறவில்லை, காலுக்கடியில் கொழகொழவென்று இருக்கிறது, "கட்டக்" கேட்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் இயந்திர அமைப்பே உடைந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது.

தற்காலிகத் தொடுப்பு வகையில் கதை வேறு. அங்கே விளக்கும் சத்தமும் ஒரே உத்தரவைக் கேட்டு மாறுகின்றன. விளக்கு ஒவ்வொரு மிதிக்கும் தவறாமல் மாறினால் சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. சத்தம் மாறவில்லை என்றால் பழுது வேறெங்கோ. சுவிட்சை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். விளக்கே மாறாமல் இரண்டு மூன்று முறை மிதிக்க வேண்டியிருந்தாலோ, ஒரு மிதிக்கு இரண்டு முறை மாறிப் பழைய நிலைக்கே வந்தாலோ, அது தேய்ந்த சுவிட்ச். முனைகள் ஒட்டும்போது சில மில்லி நொடிகள் துள்ளுவது இயல்பு. தேய்ந்த முனைகள் அதிகம் துள்ளும், சுற்று அதை இரண்டு மிதியாக எண்ணிவிடும்.

மிதிக்கும்போது "டப்" என்று வெடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் சுவிட்ச் பழுதே இல்லை. மின்தேக்கிகளில் தேங்கும் டிசி வோல்ட் மாறும் கணத்தில் வெளியே பாய்வது அது. செருகிய பின் முதல் மிதிக்கு மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் வந்தால் இன்புட்டிலும் அவுட்புட்டிலும் தரை (கிரவுண்ட்) இணைப்புக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள். ரெசிஸ்டர் இருந்தும் வெடித்தால் கசியும் மின்தேக்கியைத் தேடுங்கள்.

படி 4: திறந்து, மீட்டர் வைத்து

அடாப்டரைக் கழற்றுங்கள். 9 வோல்ட் பெடல் உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் வால்வு வைத்த சில பெடல்களுக்குள் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் சிறிது நேரம் நிற்கும். சுவரில் நேராகச் செருகும் பழைய பெடல்களும் அப்படியே. அனுபவமில்லாதவர்கள் அவற்றைத் திறக்க வேண்டாம்.

திறந்ததும் முதல் வேலை ஃபோனில் நான்கு படங்கள் எடுப்பது. மேலிருந்து ஒன்று, இரு பக்கமும் சாய்த்து இரண்டு, சுவிட்சின் கால்களை நெருங்கி ஒன்று. பிறகு தொடாமல் பாருங்கள். பற்றவைத்த இடத்தில் வட்டமாக மயிரிழை விரிசல் தெரிகிறதா? ஒயரின் தோல் உரித்த இடத்தில் இழைகள் அறுந்திருக்கின்றனவா? ஒவ்வொரு மிதியும் அந்த இடங்களை இழுக்கிறது. ஒரு ஈர்க்குச்சியால் ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தால் பாதிப் பழுது கையில் ஆடும். மறுபடி பற்றவைத்தால் முடிந்தது.

இல்லையென்றால் மல்டிமீட்டர். ஒன்பது கால்களின் தட்டையான முகம் படுத்த கோடுகளாகத் தெரியும்படி சுவிட்சைப் பிடித்தால், மேலிருந்து கீழாக உள்ள மூன்று கால்கள் ஒரு கூட்டம். நடுக்கால் பொது. ஒரு நிலையில் நடுக்கால் மேல்காலோடும், அடுத்த நிலையில் கீழ்க்காலோடும் சேரும். மீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.2, 0.3 என்று ஏதோ காட்டும். அது மீட்டர் ஒயருடையது, கழித்துவிடுங்கள். பிறகு நடுக்காலுக்கும் சேர வேண்டிய காலுக்கும் இடையே பாருங்கள். நல்ல சுவிட்ச் ஒரு ஓமுக்கும் கீழே அசையாமல் நிற்கும். எண் குதித்தாலோ, பத்து, நூறு என்று ஏறினாலோ அந்த முனை போய்விட்டது. மூன்று கூட்டங்கள், இரண்டு நிலைகள், ஒவ்வொன்றையும் பத்து முறையாவது மிதித்துப் பாருங்கள். ஒரே முறை பார்த்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. விட்டு விட்டுக் கெடுவதுதான் இந்தப் பழுதின் குணம்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் கிட்டார் அனுப்புவதைவிடப் பல மடங்கு அதிகம். மெல்லிய கறையை மீட்டர் துளைத்துக்கொண்டு போய் "நல்ல சுவிட்ச்" என்று சான்றிதழ் கொடுத்துவிடலாம். மீட்டர் நல்லது என்கிறது, காது கெட்டது என்கிறது என்றால் நான் காதைத்தான் நம்புவேன். சந்தேகம் தீர, முதலைக் கிளிப் வைத்த ஒயரால் நடுக்காலையும் சேர வேண்டிய காலையும் வெளியே நேராக இணைத்து வாசித்துப் பாருங்கள். கரகரப்பு மறைந்தால் வழக்கு முடிந்தது.

தற்காலிகத் தொடுப்பு வகைக்கு இதைவிட எளிய சோதனை. பெடலுக்கு மின்சாரம் கொடுத்து, சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு ட்வீசரால் கணநேரம் தொட்டுவிடுங்கள். ஒவ்வொரு தொடுகைக்கும் விளக்கு மாறினால் சுவிட்ச் மட்டுமே பழுது.

படி 5: சுத்தம் செய்வது, ஓரளவுக்கு

முதலில் காசில்லா வைத்தியம். மின்சாரம் இல்லாமல் ஐம்பது முறை வேகமாக மிதியுங்கள். முனைகள் உரசிக்கொண்டு தங்களைத் தாங்களே கொஞ்சம் துடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த பெடலுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

மின்முனைகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் க்ளீனரை மட்டும் பயன்படுத்துங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். எண்ணெய்ப் படலம் விட்டுப் புழுதியைச் சேர்க்கும். 3பிடிடி-யில் மேலே உள்ள மிதிமுனை வழியாக அடித்தால் அங்கிருக்கும் கிரீஸ் கரைந்து முனைகளின் மேலேயே இறங்கும். கால்கள் இருக்கும் பக்கம் மேலே இருக்கப் பெடலைத் திருப்பி, காலோர இடுக்கில் சிறிது அடித்து, நாற்பது முறை மிதித்து, நன்கு உலர விடுங்கள். பலித்தாலும் சில மாதம்தான்.

சுவிட்சின் உலோகக் காதுகளை நெம்பிப் பிரித்து உள்ளே துடைப்பவர்களும் உண்டு. நானும் ஒருமுறை செய்தேன். உள்ளே சீசாப் பலகை போல ஆடும் மூன்று சிறு தகடுகளும் ஸ்ப்ரிங்குகளும் இருந்தன. ஒரு ஸ்ப்ரிங் பீரோவுக்கு அடியில் போனது, இன்னும் வரவில்லை.

படி 6: 3பிடிடி-யை மாற்றுவது

இந்த வகைச் சுவிட்சை இணையத்தில் வரவழைப்பது எளிது. ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். வந்ததும் பற்றவைப்பதற்கு முன்பே படி 4-இன் மீட்டர் சோதனையைச் செய்யுங்கள். புதிது என்பதால் நல்லது என்று ஆகிவிடாது.

பழைய சுவிட்ச் சிறு சர்க்யூட் பலகையில் ஒன்பது கால்களோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். செத்த சுவிட்ச் அது. பலகைதான் முக்கியம். கட்டரால் கால்களை வெட்டி உடம்பைத் தனியே எடுத்துவிட்டு, மீதிக் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி இழுத்துவிடுங்கள், துளையை ஈய உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். ஒன்பதையும் ஒரே நேரத்தில் உருக்கப் பார்த்தால் பலகையின் செம்புத்தடம் பிய்ந்துகொண்டு வரும்.

புதியதைப் பொருத்தும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். பலகை வைத்த பெடலில் முதலில் நட், பிறகு ஈயம். அதாவது சுவிட்சைப் பெட்டியில் பொருத்தி, நட்டை இறுக்கி, பலகை அதன் இடத்தில் தளர்வாக உட்கார்ந்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். முதலில் பற்றவைத்துவிட்டு நட்டை இறுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் கால்களில் நிற்கும், அடுத்த ஆறு மாதத்தில் விரிசலாக வெளியே வரும்.

சுவிட்சோடு இரண்டு நட்டுகள் வரும். ஒன்று பெட்டிக்கு உள்ளே, மரையில் உயரத்தைச் சரிசெய்ய. பல் வைத்த வாஷர் உள்ளே, பிளாஸ்டிக் வாஷர் வெளியே. உள் நட்டைப் பிடித்துக்கொண்டு வெளி நட்டை 14 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இறுக்குங்கள். சுவிட்சின் நீல உடம்பைக் கையால் பிடித்துக்கொண்டு இறுக்கினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். மிதியின் பாரம் பெட்டியின் தகட்டில் இறங்க வேண்டும், பலகையில் இறங்கக்கூடாது.

பற்றவைக்கும்போது சூடுதான் எதிரி. கால்கள் ஊன்றியிருப்பது பிளாஸ்டிக்கில். அதிக நேரம் சுட்டால் அது இளகி, கால் சாய்ந்து, உள்ளே முனை இடம் மாறிவிடும். கிரீஸும் உருகி ஓடும். பிறந்த நாளிலேயே சுவிட்ச் இறந்துவிடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பற்றவைப்பு அயன் என்றால் 350 டிகிரி, ஒரு காலுக்கு இரண்டு மூன்று நொடி. பக்கத்துக் காலுக்கு உடனே போகாமல் எதிர் மூலைக்குத் தாவுங்கள். ஒயர் முனைக்கு முன்பே ஈயம் பூசி வைத்துக்கொண்டால் நேரம் பாதியாகும். முடிந்ததும் மறுபடி மீட்டர். சூட்டுக்குப் பின்னும் ஒரு ஓமுக்குள் நிற்கிறதா என்று பார்க்காமல் மூடியை மூட வேண்டாம்.

படி 7: பொத்தான் வகை

பாஸ் வகைப் பெடலில் மிதிபலகைக்கு அடியில் ஒரு சிறு பொத்தான். மிதிபலகையின் ரப்பர் முனை தேய்ந்து பொத்தானைத் தொடாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பொத்தானை விரலால் நேராக அழுத்தி ஒழுங்காக மாறினால் பழுது ரப்பரில்தான்.

மல்டி எஃபெக்ட் பெட்டிகளில் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் சதுர டாக்ட் சுவிட்ச். சென்னை ரிச்சி தெருவில் கைப்பிடி அளவு வாங்கலாம். ஆனால் உயரத்தை அளக்காமல் போகாதீர்கள்: 4.3, 5, 7, 9.5 என்று பல உயரங்களில் வரும். அரை மில்லிமீட்டர் கூடினால் பெட்டியை மூடியதும் பொத்தான் அழுந்தியே நிற்கும். குறைந்தால் கால் எட்டாது. நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளேயே இணைந்தவை. 90 டிகிரி திருப்பிப் போட்டால் எப்போதும் அழுத்தியதாகவே பெடல் நினைக்கும். பழையதை எடுக்குமுன் மீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாவா பெடலில் கால்விரல் பக்கம் அழுத்தியும் மாறவில்லை என்றால், சுவிட்ச் மாற்றும் முன் அதன் நட்டைத் தளர்த்தி உயரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மேலே உள்ள ரப்பர் மெத்தை புதிதாகத் தடித்திருந்தாலும் பலகை சுவிட்சை எட்டாது.

அடிக்கடி போகிறதே, வேறு வழி இல்லையா?

உண்டு. தற்காலிகத் தொடுப்புச் சுவிட்ச், சிறு மைக்ரோ கண்ட்ரோலர், ஒரு ரிலே சேர்ந்த பலகையை 3பிடிடி இடத்தில் வைக்கலாம். ரிலேயின் முனைகள் காற்றுப் புகாமல் மூடியிருக்கும், மிதியின் அடி அதன் மேல் விழாது. செலவு கூடும். 5 வோல்ட் சிறு ரிலே பிடித்துக்கொண்டே இருக்க ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர் கேட்கும், ஆகவே பேட்டரியில் வாசிப்பவர்களுக்கு ஆகாது; அவர்கள் நிலையைத் தானே பிடித்துக்கொள்ளும் ரிலேயைத் தேட வேண்டும். தினமும் மேடை ஏறுபவருக்கு நான் இதைச் சொல்வேன். வீட்டில் வாசிப்பவருக்குச் சொல்ல மாட்டேன். நூறு, நூற்றைம்பது ரூபாய்ச் சுவிட்ச் இன்னொன்று போதும்.

மூடியை மூடும் முன் சுவிட்சின் கால்கள் அடித்தகட்டைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் தகட்டில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. மூடிய பிறகு, உட்கார்ந்து கையால் அழுத்தாமல், நின்று செருப்புக் காலால் ஐம்பது முறை மிதியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மேடையில் ஒன்று போனால், அங்கே எதையும் திறக்க வேண்டாம். பைபாஸ் போயிருந்தால் எஃபெக்ட்டைப் போட்டபடியே விட்டு, கிட்டாரின் வால்யூமைக் குறைத்துச் சுத்தமான சத்தம் எடுங்கள். ஓவர்டிரைவ் பெடல்கள் இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும். எஃபெக்ட் பக்கம் போயிருந்தால் அந்தப் பெடலைத் தாண்டி அடுத்ததற்குப் போகும் நீளத்தில் உபரி பேட்ச் கேபிள் ஒன்று பையில் இருக்கட்டும்.